ஒரு ஜோதி, இரண்டு கொடி

ஆஸ்திரேலியாவின் தலைநகரம் சிட்னி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறைய. இல்லை. கான்பெரா. ஒரு நாடாளுமன்றம், கொஞ்சம் தூதரகங்கள், நிறைய அரசாங்க அலுவலகங்கள், நடுவில் ஓர் ஏரி. சாயங்காலம் ஆபீஸ் விட்டால் ஊர் தூங்கப் போய்விடும். அப்பேர்ப்பட்ட சாது.

2008 ஏப்ரல் 24. அந்த சாது ஊர் விடிந்தபோது, சாலையெல்லாம் சிவப்பு.

சிட்னியிலிருந்து பஸ்கள் வந்தன. மெல்போர்னிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து இன்னும் சில பஸ்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள், பெண்கள் குதித்து இறங்கினார்கள். கையில் சீனக் கொடி. முதுகில் போர்த்தியபடி சீனக் கொடி. கன்னத்திலும் அதே ஐந்து நட்சத்திரம். யாரும் ராணுவத்தில் இருந்தவர்கள் இல்லை, கட்சி ஊழியர்களும் இல்லை. அக்கவுண்டிங் படிக்க வந்தவர்கள். என்ஜினியரிங் படிக்க வந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் ஆயுசு பூரா சேர்த்த காசில் விமானம் ஏறி வந்து, ஹாஸ்டலில் நூடுல்ஸ் தின்று, பகுதி நேரமாக ஹோட்டலில் தட்டு கழுவும் ரகம். பத்தாயிரம் பேருக்கு மேல் என்று மறுநாள் செய்திகள் சொல்லின.

எதற்காக? அந்த ஊருக்கு அன்றைக்கு ஒலிம்பிக் ஜோதி வருகிறது.

ஜோதியைப் பார்க்கவா அத்தனை தூரம்? இல்லை. ஜோதிக்குக் காவல் நிற்க.

இது கொஞ்சம் விசித்திரமான கதை. உலகத்தை ஒன்று சேர்ப்பதற்காகப் புறப்பட்ட ஒரு தீப்பந்தம், போன இடத்திலெல்லாம் ஊரை இரண்டாகப் பிரித்துவிட்டு வந்த கதை. அதைவிட விசித்திரம், அப்படிப் பிரிந்து நின்ற இரண்டு தரப்புமே பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள் இல்லை. வேறு எங்கிருந்தோ வந்து அங்கே குடியிருப்பவர்கள்.

*

முதலில் ஒரு சின்ன சங்கதி. ஒலிம்பிக் ஜோதி ஓட்டம் என்றதும், ஏதோ கிரேக்கர்கள் காலத்திலிருந்து வழிவழியாக வரும் புனிதச் சடங்கு என்று நினைப்போம். தேவதை மாதிரி உடை உடுத்திய பெண்கள், குழி ஆடியில் சூரிய ஒளியைக் குவித்து நெருப்பு எடுப்பதை டிவியில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் இந்த ஓட்டத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

1936. பெர்லின் ஒலிம்பிக். ஹிட்லரின் ஜெர்மனி. கார்ல் டீம் என்கிற விளையாட்டு நிர்வாகி கொடுத்த யோசனை இது. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் தீ மூட்டி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைமாற்றிக் கைமாற்றி பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். பந்தங்களைச் செய்து கொடுத்தது, பீரங்கி செய்வதில் பேர்போன க்ரூப் நிறுவனம். ஜோதி வியன்னாவுக்கு வந்தபோது, அங்கிருந்த நாஜி ஆதரவாளர்கள் அதையே சாக்காக வைத்துத் தெருவில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆக, முதல் ஓட்டத்திலேயே அரசியல் கூடவே ஓடியது.

பிறகு வந்த வருடங்களில் அந்த நாஜி வாடை மறந்தே போனது. சில சமயம் தமாஷ்கூட நடந்தது. 1956இல் சிட்னியில் ஒரு கல்லூரி மாணவர், நாற்காலிக் காலின் மேல் டப்பா ஒன்றை மாட்டி, அதற்குள் பழைய உள்ளாடையை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, அதுதான் ஒலிம்பிக் ஜோதி என்று கொண்டுபோய் மேயர் கையிலேயே கொடுத்துவிட்டார். மேயரும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்து ஜோதிப் பாதுகாப்பு அவ்வளவுதான்.

2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காக முதல்முறையாக ஜோதி உலகத்தைச் சுற்றியது. டெல்லிக்கும் வந்தது. ஜனங்கள் தெருவோரம் நின்று கை தட்டினார்கள். எந்தப் பிரச்னையும் இல்லை.

சீனா பார்த்தது. நாம் இதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டாமா?

2001 ஜூலையில், மாஸ்கோவில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில் பெய்ஜிங்குக்கு ஒலிம்பிக் வாய்ப்பு கிடைத்தபோது, அந்த ஊர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஏழு வருடம் காத்திருந்தார்கள். ஸ்டேடியம் கட்டினார்கள். விமான நிலையம் கட்டினார்கள். ஜோதி ஓட்டத்துக்கு 1,37,000 கிலோ மீட்டர் திட்டம் போட்டார்கள். பூமியை மூன்று சுற்றுக்கு மேல் சுற்றுகிற தூரம். அதுவரை யாரும் செய்யாதது. எவரெஸ்ட் உச்சிக்குக்கூட ஜோதி போகும் என்றார்கள். அந்த ஓட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர், ‘நல்லிணக்கப் பயணம்’.

நல்ல பெயர்தான். நேரம்தான் சரியில்லை.

*

2008 மார்ச் 10. திபெத்தியர்களுக்கு அது மறக்க முடியாத தேதி. 1959இல் அதே நாளில்தான் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிரான எழுச்சி வெடித்தது. அதைத் தொடர்ந்துதான் தலாய் லாமா மலை தாண்டி இந்தியாவுக்கு வந்தார். அந்த நினைவு நாளில் லாசாவில் பிட்சுக்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் பிடித்தது. நான்கே நாளில், மார்ச் 14ஆம் தேதி, ஊர் பற்றி எரிந்தது. சீனர்களின் கடைகள் கொளுத்தப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் கருகிப் போனார்கள். பிறகு ராணுவம் இறங்கியது. கலகம் பக்கத்து மாகாணங்களில் இருந்த திபெத்தியப் பகுதிகளுக்கும் பரவியது.

எத்தனை பேர் செத்தார்கள்? சீனா ஒரு கணக்கு சொன்னது: கலகக்காரர்களால் கொல்லப்பட்ட பொதுமக்கள் 18 பேர், ஒரு போலீஸ்காரர். தர்மசாலாவில் இருக்கும் திபெத்திய நாடுகடந்த அரசு வேறு கணக்கு சொன்னது: ஒடுக்குமுறையில் இறந்த திபெத்தியர்கள் இருநூறுக்கும் மேல். நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களுக்கு அனுமதி இல்லை. யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஆளுக்கொரு உண்மை முளைக்கும். முளைத்தது.

பத்தே நாள். மார்ச் 24, ஒலிம்பியா. பெய்ஜிங் ஒலிம்பிக் குழுத் தலைவர் லியு ச்சி மைக் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் திடீரென்று ஓர் ஆள். கையில் கறுப்பு பேனர். அதில் ஒலிம்பிக்கின் ஐந்து வளையங்கள் கைவிலங்குகளாக வரையப்பட்டிருந்தன. ‘எல்லைகளற்ற நிருபர்கள்’ அமைப்பின் வேலை. சீனத் தொலைக்காட்சி சட்டென்று வேறு காட்சிக்குத் தாவியது. உலகத்தின் மற்ற டிவிகள் தாவவில்லை.

ஏப்ரல் 6, லண்டன். அபூர்வமாக ஏப்ரலில் பனி கொட்டியது. ஒருவர் ஓடிவந்து டிவி தொகுப்பாளினி கானி ஹக் கையிலிருந்த பந்தத்தைப் பிடுங்கப் பார்த்தார். இன்னொருவர் தீயணைப்புக் கருவியோடு வந்தார். 37 பேர் கைது. ஜோதி கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனது. பிரதமர் கோர்டன் பிரவுன் வாசலில் நின்று வரவேற்றார், ஆனால் பந்தத்தைக் கையால் தொடவில்லை. அதுவும் ஓர் அரசியல்.

ஜோதியைச் சுற்றி நீல நிற உடையில் ஒரு கூட்டம் ஓடிக்கொண்டே வந்தது. யாரிவர்கள்? சீனாவின் ஆயுதப் போலீஸ் படையிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். அவர்கள் முகத்தில் நல்லிணக்கம் எதுவும் தென்படவில்லை.

மறுநாள் பாரிஸ். மூவாயிரம் போலீஸ். பிரயோஜனமில்லை. ஜோதியை அணைத்து, பஸ்ஸில் ஏற்றி, மறுபடி ஏற்றி, மறுபடி அணைத்து, கடைசியில் பாதி ஓட்டத்தை ரத்தே செய்துவிட்டார்கள். அந்தக் களேபரத்தின் நடுவில்தான் ஒரு சம்பவம். ஜின் ஜிங் என்கிற சீன வீராங்கனை. வாள்சண்டைக்காரர். சிறு வயதில் புற்றுநோய்க்கு ஒரு காலைப் பறிகொடுத்தவர். சக்கர நாற்காலியில் பந்தத்தோடு போனவர் மேல் ஒருவர் பாய்ந்து பிடுங்க முயன்றார். ஜின் ஜிங் விடவில்லை. பந்தத்தை மார்போடு இறுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு புகைப்படம் போதுமானதாக இருந்தது. உலகத்தின் எந்த மூலையில் சீனர்கள் இருந்தாலும் அவர்கள் கம்ப்யூட்டரில் அந்தப் படம் வந்து விழுந்தது.

*

இந்த இடத்தில் ஒரு சீன மாணவனின் இடத்திலிருந்து கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அவன் எண்பதுகளில் பிறந்தவன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அரசாங்கத்தின் உத்தரவு அப்படி. தாத்தா பஞ்சத்தைப் பார்த்தவர். அப்பா கலாசாரப் புரட்சியைப் பார்த்தவர். இவன் பார்த்ததெல்லாம் வளர்ச்சிதான். வருடத்துக்கு வருடம் ஊரில் கட்டடம் உயர்ந்தது, சாலை அகலமானது, சைக்கிள் போய்க் கார் வந்தது. ஹாங்காங் திரும்பிக் கிடைத்தது. ஒலிம்பிக் கிடைத்தது. ‘நாம் உருப்படமாட்டோம் என்றார்களே, பார்’ என்று உலகத்துக்குக் காட்டப்போகும் திருவிழா அது. வீட்டுக் கல்யாணம் மாதிரி.

வெளிநாட்டுக்கு வருகிறான். மேற்கத்திய நாடுகளின் மேல் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு. அங்கே பத்திரிகைகள் பொய் சொல்லாது என்று நம்பியிருக்கிறான். டிவியைப் போட்டால், நேபாள போலீஸ்காரர்கள் காட்மாண்டுவில் தடியடி நடத்தும் படத்தைப் போட்டு, ‘திபெத்தில் சீன அடக்குமுறை’ என்று ஒரு சேனல் சொல்கிறது. நிஜமாகவே நடந்தது இது. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இந்தத் தவறைச் செய்தன. சி.என்.என். இணையதளத்தில் ராணுவ லாரியின் படம் வந்தது. லாரி மேல் கல் எறிந்தவர்கள் இருந்த பாதி வெட்டப்பட்டிருந்தது. கொளுத்தப்பட்ட கடைகளும் அதற்குள் செத்தவர்களும் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒதுங்கினார்கள்.

கோபம் வருமா, வராதா?

வந்தது. பெய்ஜிங்கில் ஒரு பட்டதாரி இளைஞர் சி.என்.என்.னுக்கு எதிராக ஒரு தளமே ஆரம்பித்து, தவறுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். பிரிட்டனில் சீனத் தூதராக இருந்த ஃபூ யிங், லண்டன் கலாட்டாவுக்குப் பிறகு அங்குள்ள பத்திரிகை ஒன்றில் எழுதினார். மேற்குலகைப் பற்றி அழகான கற்பனைகளோடு வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இன்று மனம் உடைந்து நிற்கிறார்கள் என்பது சாரம்.

அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. லாசாவுக்குள் நிருபர்களை விட்டிருந்தால், அந்தத் தவறுகளில் பாதி நடந்திருக்காது.

சரி, இன்னொரு பக்கம் நின்றவர்கள் யார்? பிரிட்டிஷ்காரர்கள் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் தொண்டை கிழியக் கத்தியவர்களில் முக்கியமானவர்கள், வெளிநாடுகளில் அகதிகளாகவும் குடியேறிகளாகவும் வாழும் திபெத்தியர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் இளைஞர்கள். பலபேர் திபெத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இந்தியாவில் பிறந்து, அகதிப் பள்ளியில் படித்து, அங்கிருந்து நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ போனவர்கள். தாத்தா சொன்ன கதையில்தான் அவர்களுக்கு ஊர் இருந்தது. ஒலிம்பிக் முடிந்துவிட்டால் உலகம் தங்களை மறந்துவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். கேமராக்கள் சீனாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தினால்தான் உண்டு.

ஊரை விட்டு வந்த இரண்டு கூட்டம். இரண்டு பேருக்குமே கையிலிருக்கும் கொடிதான் ஊர். நடுவில் ஒரு பந்தம்.

*

ஏப்ரல் 9, சான் ஃபிரான்சிஸ்கோ. வட அமெரிக்காவில் ஜோதி போன ஒரே ஊர். காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மிகப் பழைய சைனா டவுன் அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தோண்டவும் ரயில் பாதை போடவும் வந்தவர்களின் வம்சம். 1882இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அது ரத்தானது 1943இல்தான். அறுபது வருடத்துக்கு மேல் ‘நீங்கள் வேண்டாம்’ என்று சொல்லப்பட்ட ஜனங்கள். ஒலிம்பிக் ஜோதி தங்கள் தெருவுக்கு வருகிறது என்பது அந்த ஊர்ச் சீனக் கிழவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்?

ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் மூன்று பேர் கோல்டன் கேட் பாலத்தின் கம்பிகளில் ஏறி, திபெத்துக்கு விடுதலை கேட்டு பேனர் கட்டிவிட்டார்கள். ஊர் நிர்வாகம் பயந்துவிட்டது.

அன்றைக்கு நடந்தது நல்ல துப்பறியும் சினிமா. அறிவித்த பாதையில் ஆயிரக்கணக்கானவர்கள் காலையிலிருந்து காத்திருந்தார்கள். ஒரு பக்கம் சீனக் கொடி, ஒரு பக்கம் பனிச்சிங்கம் போட்ட திபெத்தியக் கொடி. ஜோதி ஏற்றப்பட்டது. முதல் ஆள் ஓடினார். நேராகத் துறைமுகத்தில் இருந்த ஒரு கிடங்குக்குள் நுழைந்தார். கதவு மூடியது. வெளியே வரவில்லை! கொஞ்ச நேரம் கழித்து, ஊரின் இன்னொரு கோடியில் யாரும் எதிர்பார்க்காத சாலையில் ஜோதி முளைத்தது. ஆள் இல்லாத தெருவில் ஓடியது. நிறைவு விழாவையும் விமான நிலையத்துக்கு மாற்றி, அவசர அவசரமாக அனுப்பிவைத்தார்கள்.

ஆதரித்தவர்களும் பார்க்கவில்லை. எதிர்த்தவர்களும் பார்க்கவில்லை. இரண்டு தரப்பும் ஏமாந்ததில் மட்டும் அன்றைக்கு நல்லிணக்கம் நிலவியது.

*

அடுத்தது நம்மூர்.

இந்தியாவில் அப்போது சுமார் ஒரு லட்சம் திபெத்தியர்கள். தர்மசாலா, கர்நாடகத்தின் பைலகுப்பே, டெல்லியின் மஜ்னு கா டில்லா என்று குடியிருப்புகள். மழைக்காலம் முடியும்போது நம் ஊர் பிளாட்பாரங்களில் ஸ்வெட்டர் அடுக்கி வைத்து உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள்தான். நாம் பேரம் பேசியிருக்கிறோம். எந்த ஊர் என்று கேட்டிருக்க மாட்டோம்.

ஏப்ரல் 17, டெல்லி. இந்திய அரசுக்கு தர்மசங்கடம். சீனாவுக்கு விருந்தோம்பல் செய்தாக வேண்டும். திபெத்தியர்கள் ஐம்பது வருட விருந்தாளிகள். என்ன செய்வது? பாதையை வெட்டினார்கள். விஜய் சௌக்கிலிருந்து இந்தியா கேட் வரை, சுமார் 2.3 கிலோ மீட்டர். ஓடுபவர்கள் 70 பேர். பி.காம். படித்தவன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு 33 மீட்டர். பந்தத்தை வாங்கி, நிமிர்ந்து, சிரிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். பாதுகாப்புக்குப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ். மீட்டருக்கு ஆறு பேருக்கு மேல். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ராஜபாதை வெறிச்சோடிக் கிடக்க, லியாண்டர் பயஸும் பி.டி. உஷாவும் அமீர் கானும் யாருக்கும் கையசைக்க முடியாமல் ஓடினார்கள்.

ஒருவர் மட்டும் முன்கூட்டியே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா. சிக்கிம்காரர், பௌத்தர். திபெத்திய மக்களுக்கு ஆதரவாக ஜோதியை ஏந்தவில்லை என்றார். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. 33 மீட்டரை வேண்டாம் என்றார். அவ்வளவுதான்.

அதே நாளில் திபெத்தியர்கள் ராஜ்காட்டில், காந்தி சமாதியருகே, தங்களுடைய சொந்த ஜோதியை ஏற்றி ஜந்தர் மந்தர் வரை ஊர்வலம் போனார்கள். அந்த ஓட்டத்தை ஜனங்கள் பார்க்க முடிந்தது என்பதுதான் வேடிக்கை.

தலாய் லாமா ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒலிம்பிக் நடத்தும் தகுதி சீனாவுக்கு உண்டு என்றார். வன்முறை தொடர்ந்தால் தன் பொறுப்பிலிருந்து விலகிவிடுவேன் என்றார். அவருடைய சொந்த இளைஞர்களில் பலருக்கே அது பிடிக்கவில்லை. நிதானமாகப் பேசுகிறவருக்கு அந்த ஏப்ரலில் எந்தக் கடையிலும் கிராக்கி இல்லை.

*

இப்போது கான்பெரா பஸ்களுக்குத் திரும்பலாம். லண்டன், பாரிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ மூன்றையும் பார்த்தபிறகு, ஆஸ்திரேலியாவில் இருந்த சீன மாணவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். இங்கே அது நடக்கக் கூடாது. சீனத் தூதரகம் பஸ் ஏற்பாடு செய்தது, கொடி கொடுத்தது என்றெல்லாம் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இருக்கலாம். ஆனால், யாரோ பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதற்காக மட்டும் ஒருவன் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, குளிரில் நின்று, குரல் போகும்வரை கத்துவானா? அந்த உணர்ச்சி வாடகைக்கு வந்தது அல்ல.

கான்பெராவில் திபெத் ஆதரவாளர்கள் சில நூறு பேர்தான். சிவப்புக் கடலுக்குள் காணாமல் போனார்கள். கொஞ்சம் தள்ளுமுள்ளு, சில கைதுகள். நீச்சல் வீரர் இயான் தோர்ப் கையில் ஜோதி பத்திரமாக முடிந்தது. மாணவர்கள் ஜெயித்தார்கள்.

ஜெயித்ததில் ஒரு சிக்கல். இரண்டு நாள் கழித்து, ஜப்பானின் நகானோ. ஊரின் புகழ்பெற்ற ஜென்கோஜி பௌத்தக் கோயிலிலிருந்துதான் ஓட்டம் தொடங்குவதாக இருந்தது. கோயில் விலகிக்கொண்டது. அன்றைக்கு லாசாவில் இறந்தவர்களுக்காக அங்கே பிரார்த்தனை நடந்தது. வெளியே ஆயிரக்கணக்கில் சீன மாணவர்கள்.

அதற்கு மறுநாள், ஏப்ரல் 27, தென் கொரியாவின் சோல். இங்கே காவல் நிற்பது கைகலப்பாக மாறியது. வட கொரியாவிலிருந்து தப்பி வருகிறவர்களை சீனா திருப்பி அனுப்புகிறதே என்று கொரியர்கள் ஒரு சிறு கூட்டமாக எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் எதிரில். கல் பறந்தது. தண்ணீர் பாட்டில் பறந்தது. ஒரு ஹோட்டலின் வரவேற்பறைக்குள் வரை துரத்திப்போய் அடித்தார்கள். தடுக்க வந்த போலீஸ்காரருக்கும் அடி.

கொரியர்கள் அதிர்ந்து போனார்கள். எங்கள் தலைநகரத்தில், எங்கள் தெருவில், படிக்க வந்த பிள்ளைகள் எங்களையே அடிப்பதா? திபெத் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திராத கொரியர்கூட மறுநாள் சீனா என்றால் முகம் சுளித்தார். சீன மாணவர்களுக்கான விசா விதிகளை அரசு இறுக்கியது. ஊர் மானத்தைக் காப்பாற்றப் போனவர்கள், அந்த ஊரில் அதே மானத்தைக் கொஞ்சம் வாங்கிவிட்டு வந்தார்கள்.

அதற்கும் மறுநாள் வட கொரியாவின் பியோங்யாங். அங்கே மட்டும் ஒரு சின்ன முணுமுணுப்புகூட இல்லை. ஓட்டம் அவ்வளவு அழகாக நடந்தது. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

*

இந்தக் கதையில் எனக்கு மறக்கவே மறக்காத ஆள், ஜோதியைத் தொடாத ஒரு பெண்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோதி கண்ணாமூச்சி ஆடிய அதே ஏப்ரல் 9 சாயங்காலம். அமெரிக்காவின் இன்னொரு கோடியில், டியூக் பல்கலைக்கழகம். முதல் வருட மாணவி. சீனாவின் சிங்தாவ் நகரத்துப் பெண். சாப்பிடப் போகிற வழியில் பார்க்கிறாள். ஒரு பக்கம் கையளவு திபெத் ஆதரவாளர்கள். எதிரே பெரிய சீனக் கூட்டம். இரண்டு தரப்பிலும் அவளுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நடுவில் போய் நின்றாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினாள். கத்துவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுங்களேன் என்றாள். ‘பேசுகிறேன், ஆனால் என் முதுகில் திபெத் விடுதலை என்று எழுது’ என்றான் ஒரு பையன். பேச வைத்தால் போதும் என்று எழுதிவிட்டாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது.

மறுநாள் அவள் படம் இணையம் முழுக்க. நெற்றியில் ‘துரோகி’ என்று எழுதிய படம். அவளுடைய பெற்றோரின் பெயர், அடையாள எண், சிங்தாவில் இருக்கும் வீட்டு விலாசம், எல்லாம் வெளியிடப்பட்டன. வீட்டு வாசலில் மலத்தைக் கொட்டினார்கள். பெற்றோர் தலைமறைவானார்கள். படித்த பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்த சான்றிதழை ரத்து செய்தது.

கூட்டத்துக்குத் தலைகால் புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜின் ஜிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் சம்பவத்துக்குப் பதிலடியாக, சீனாவில் இருந்த பிரெஞ்சுக் கடையான கார்ஃபோரைப் புறக்கணிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். அந்தக் கடைகளில் வேலை செய்பவர்கள் நம் ஆட்கள்தானே, கொஞ்சம் யோசியுங்கள் என்றார் ஜின் ஜிங். போயிற்று. இரண்டு வாரத்துக்கு முன் தேவதை. இப்போது அவரும் துரோகி. தேசத்துக்காகப் பந்தத்தைக் கட்டிப்பிடித்தது போதவில்லை.

*

மே 8ஆம் தேதி ஜோதி எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது. கடைசியாக அதை ஏந்தியவர் ஒரு திபெத்தியப் பெண். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதிலும் இரண்டு கருத்து இருந்தது.

நான்கு நாள் கழித்து, மே 12, சிச்சுவான் மாகாணத்தில் பூகம்பம். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக எண்பதாயிரத்துக்கு மேல். பள்ளிக்கூடங்கள் இடிந்து, பெற்றவர்களின் ஒரே பிள்ளைகள் மண்ணுக்குள் போனார்கள். ஜோதி ஓட்டம் மூன்று நாள் நின்றது. உலகம் திபெத்தை மறந்து சீனாவுக்காக அழுதது. அயலூர் சீன மாணவர்கள் அதே கொடியோடு அதே தெருக்களில் உண்டியல் குலுக்கினார்கள். ஒரு மாதம் முன்பு அவர்களை முறைத்தவர்கள் காசு போட்டார்கள்.

ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒலிம்பிக் தொடங்கியது. பிரமாதமாக நடந்தது. 2009 மார்ச்சில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. இனி ஜோதி உலகம் சுற்றாது. எந்த நாட்டில் போட்டியோ அந்த நாட்டுக்குள் மட்டும் ஓடும். 2012இல் லண்டன் ஜோதி பிரிட்டனுக்குள் சுற்றியது, பக்கத்திலிருந்த டப்ளினை எட்டிப் பார்த்தது, முடிந்தது. கிரேக்கத்தில் ஏற்றுவதை மட்டும் மாற்ற முடியவில்லை. 2021 அக்டோபரில், பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்காக ஒலிம்பியாவில் ஜோதி ஏற்றியபோது, மறுபடி ஒரு திபெத்தியக் கொடி தலை நீட்டியது.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை தீர்வு சுலபம். ஜோதியை வீட்டுக்குள் வைத்துவிட்டால் சண்டை இல்லை. ஆனால் அந்த ஏப்ரலில் தெருவில் நின்றவர்களுக்கு ஜோதி ஒரு சாக்குதான். ஊரை விட்டு வந்தவன் தன் ஊரைப் பற்றி அடுத்தவன் பேசுவதைக் கேட்கும்போது அவனுக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுக்கிறது. ஊரில் இருந்தபோது அரசாங்கத்தைத் திட்டியவன்கூட, வெளியே வந்தபிறகு வேறு யாராவது திட்டினால் சட்டையை மடித்துவிடுகிறான். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மாட்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கான்பெராவிலிருந்து அன்று சாயங்காலமே பஸ்கள் திரும்பின. அந்த மாணவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. டெல்லியில் ஊர்வலம் போன திபெத்தியர்கள் மஜ்னு கா டில்லாவுக்குத் திரும்பினார்கள். அதைத் தாண்டிப் போவதற்கு அவர்களுக்கு வழியில்லை.

நடுவில் நின்ற அந்தப் பெண்ணுக்கு ஊரும் இருந்தது, வீடும் இருந்தது. விலாசம்தான் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.